ஒரு பந்தும் வீசாத பிட்சர்

அமெரிக்க பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சராக இருந்த லாரி யவுன்ட்டின் மேஜர் லீக் கணக்கு, அதாவது அந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த படியில் அவருடைய கணக்கு, ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆட்டம் 1, வீசிய இன்னிங்ஸ் 0, எதிர்கொண்ட பேட்டர்கள் 0, கொடுத்த ரன்கள் 0. அந்த ஓர் ஆட்டம் 1971 செப்டம்பர் 15 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் நடந்தது. எதிரணி ஹாங்க் ஆரோனின் அட்லாண்டா பிரேவ்ஸ். ஒன்பதாவதும் கடைசியுமான இன்னிங்ஸ் தொடங்கியபோது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பின்தங்கியிருந்தது. ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் ரிலீஃப் பிட்சராக 21 வயது யவுன்ட்டை அழைத்தார்கள். மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னில் கையைத் தயார்ப்படுத்தும்போதே அவருக்கு முழங்கை வலித்தது. களத்துக்குப் போனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் ஓடி வந்து, பிட்சர் நின்று வீசும் மேட்டில் ஏறினார். பேட்டர் வருவதற்கு முன் வீச அனுமதிக்கப்படும் பயிற்சிப் பந்துகளில் சிலவற்றை வீசினார். வலி குறையவில்லை. வலிக்கிறது என்று சொன்னார். அவரை வெளியே அழைத்துக்கொண்டு, வேறொருவரை அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்த மேஜர் லீக் ஆட்டத்திலும் லாரி யவுன்ட் மேட்டில் ஏறவில்லை.

ஒரு பேட்டரைக்கூட எதிர்கொள்ளாமல் மேஜர் லீக் கணக்கை முடித்துக்கொண்ட ஒரே பிட்சர் என்று அவரைச் சொல்கிறார்கள். ஹூஸ்டனுக்குக் குடிவந்த புதிதில் இந்தக் கதையைக் கேட்டேன். அதை ஒரு விநோதத் தகவலாகவே எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் மற்றவர்களுக்குச் சொல்லிவந்தேன். சென்ற ஆண்டு எங்களோடு சில மாதங்கள் தங்கியிருந்த சித்தப்பாவிடம் சொன்னபோதுதான் கதை வேறு பக்கம் திரும்பியது. சித்தப்பா வங்கியில் வேலை பார்த்தவர், இளமையில் லீக் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசியவர். பேஸ்பாலில் அவருக்குப் பிடித்த ஒரே ஆள் பிட்சர்தான். மற்ற எல்லோரும் நிற்கிறார்கள், இவன் ஒருவன்தான் உழைக்கிறான் என்பார். இப்போது பூட்டிக் கிடக்கும் ஆஸ்ட்ரோடோமைக் காரில் கடந்தபோது யவுன்ட்டைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் வந்தவர், “ஒரே ஒரு பந்தாவது வீசிவிட்டு வந்திருக்கலாமே, பையன்” என்றார். குரலில் உண்மையான ஆற்றாமை இருந்தது. இதே வாக்கியத்தை நான் வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். ஆனால் பந்து வீசித் தோள் தேய்ந்த ஒருவர் சொன்னதும் அது என்னைத் தொந்தரவு செய்யத் தொடங்கியது. வீசியிருக்க வேண்டுமா? யாருக்காக?

காத்திருப்பவர்களின் வேலை

ரிலீஃப் பிட்சரின் நாள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்குத் தன் நாள் எதுவென்று முன்பே தெரியும். ரிலீஃப் பிட்சருக்கு எதுவும் தெரியாது. களத்தின் ஓரத்தில் புல்பென் என்ற அடைப்புக்குள் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று தொலைபேசி ஒலிக்கிறது. எழுந்து கையைத் தயார்ப்படுத்த வேண்டும். பல நாட்களில், முழு வேகத்தில் வீசித் தயாரான பிறகு, தேவையில்லை, உட்கார் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பந்துகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆனால் முழங்கைக்கும் தோளுக்கும் அந்த வேறுபாடு தெரியாது. அங்கே வீசியதும் களத்தில் வீசியதும் அவற்றுக்கு ஒரே தேய்மானம்தான். ஆட்டக் கணக்கில் பார்த்தால் அன்று யவுன்ட் எதையும் வீசவில்லை. கையின் கணக்கில் அவர் நிறைய வீசியிருந்தார்.

அவர் அந்த மேட்டுக்கு வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். பிறந்தது ஹூஸ்டனில், 1950இல். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலிஸின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில். 1968இல் பள்ளியை முடித்த கையோடு ஆஸ்ட்ரோஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. பிறகு, மேஜர் லீகுக்கு ஆட்டக்காரர்களைத் தயார்ப்படுத்தும் மைனர் லீக். சிறு ஊர்கள், நீண்ட பஸ் பயணங்கள், குறைந்த சம்பளம். மூன்று ஆண்டுகளில் அடுத்த படி மேஜர் லீக்தான் என்னும் நிலைக்கு வந்துவிட்டார். அந்தக் காலத்தில் செப்டம்பர் மாதம் அணிகள் தங்கள் பட்டியலை 40 பேர் வரை விரித்துக்கொள்ளலாம். மைனர் லீகில் நம்பிக்கை தரும் இளைஞர்களை வரவழைத்துப் பார்க்கும் மாதம் அது. அப்படி வந்தவர்தான் யவுன்ட். ஆனால் அவர் வந்த நேரத்தில் ராணுவ ரிசர்வ் கடமை குறுக்கிட்டது. வியட்நாம் போர்க்காலம், ஆட்டக்காரர்கள் பலர் ரிசர்வ் படைகளில் பெயர் கொடுத்திருந்தார்கள், அழைத்தபோது போக வேண்டும். சுமார் ஒரு வாரம் பந்தைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பிய கையோடுதான் அவர் அன்று புல்பென்னில் எழுந்து நின்றார். வேகமாக வீசிப் பழகிய கை ஒரு வாரம் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். கதவுக் கீல்போல இறுகிவிடும் என்றார்.

இப்போது மேட்டின் மேல் நின்ற அந்தச் சில நிமிடங்களுக்கு வருகிறேன். என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அதுதான். பெயரை அறிவித்துவிட்டார்கள். அறிவித்து, அவர் மேட்டில் நின்றுவிட்டால், விதிப்படி அவர் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார். உள்ளே வந்த பிட்சர் குறைந்தது ஒரு பேட்டருக்காவது வீசி முடிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. காயம் என்று நடுவர் ஏற்றுக்கொண்டால் மட்டுமே விலக்கு. அந்த விலக்கின் வழியாகத்தான் யவுன்ட் வெளியே போனார். ஆகவே அவருக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். வலியை மறைத்து வீசலாம். வலிக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லலாம். அணியின் மேலாளர் ஹாரி வாக்கர். சுற்றிலும் தன்னைவிட மூத்த, நிலைபெற்ற ஆட்டக்காரர்கள். அணியில் சேர்ந்து சில நாட்களே ஆன 21 வயதுப் பையன், தன் முதல் ஆட்டத்தில், ஒரு பந்துகூட வீசுவதற்கு முன், முடியவில்லை என்று சொல்கிறான். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். வலியை விழுங்கிக்கொண்டு வீசுவதைத்தான் நாம் வீரம் என்கிறோம். அன்று அந்தப் பையனுக்கு எளிதாக இருந்திருக்கக்கூடியதும் அதுதான் என்று நினைக்கிறேன். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு பந்தாவது வீசியிருக்கலாமே என்பவர்கள் எல்லோரும் முடிவைத் தெரிந்துகொண்டு பேசுகிறார்கள். அவருக்கு அது வாழ்வின் ஒரே ஆட்டம் என்று தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது ஒரு புதன்கிழமை, அவ்வளவுதான். தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ், சீசன் முடியப் போகிற நேரம், முன்னால் பத்துப் பதினைந்து ஆண்டுகள். வலிக்கிற கையை அன்று ஓய்வில் வைத்தால் அடுத்த வாரம் வீசலாம், அடுத்த ஆண்டு வீசலாம். பின்னாளில் இதைப் பற்றிப் பேசியபோது, இன்னொரு வாய்ப்பு வரும் என்றுதான் அப்போது இருந்தது என்கிற பொருளில்தான் அவர் பேசியிருக்கிறார். கணக்குப் புத்தகத்துக்காக ஒரு பந்தை வீசிவிட்டு இறங்குகிறவன் நாளை என்று ஒன்று இல்லை என நினைப்பவன். யவுன்ட்டுக்கு நாளை இருந்தது. நாம் கைவிட்டதாகப் பார்க்கும் அந்தச் செயலை நான் அவருடைய நம்பிக்கையின் ஆதாரமாகப் பார்க்கிறேன்.

அதே மாதம், அதே அணி

சித்தப்பா இதை ஏற்கவில்லை. “வலி எல்லோருக்கும் உண்டு. நாங்கள் வீசவில்லையா?” என்றார். அவருக்குப் பதில் சொல்லத்தான் ஜே. ஆர். ரிச்சர்டின் கதையைச் சொன்னேன். ஆஸ்ட்ரோஸ் அணியை விரும்பும் எவருக்கும் அந்தப் பெயரை உச்சரிக்கும்போது தொண்டை அடைக்கும்.

யவுன்ட் மேட்டில் ஏறியதற்குப் பத்து நாட்களுக்கு முன், 1971 செப்டம்பர் 5 அன்று, அதே அணிக்காக ரிச்சர்ட் தன் முதல் மேஜர் லீக் ஆட்டத்தை ஆடினார். அவரும் 1950இல் பிறந்தவர், அவருக்கும் 21 வயது. ஆறடி எட்டு அங்குல உயரம். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு எதிராக அன்று 15 முறை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்குகளில் பேட்டரை வெளியேற்றினார். முதல் ஆட்டத்தில் யாரும் கனவு காணாத எண் அது. ஒரே உடைமாற்றும் அறை, ஒரே மாதம், ஒரே வயது. ஒருவர் 15 ஸ்ட்ரைக் அவுட், மற்றவர் பூஜ்யம். இதோடு நிறுத்தினால் திறமையும் அதிர்ஷ்டமும் யாருக்குக் கிடைக்கிறது என்கிற கதையாகிவிடும். ஆனால் ரிச்சர்டின் கதை அங்கே நிற்கவில்லை.

1978இல் 303 ஸ்ட்ரைக் அவுட், 1979இல் 313. உலகின் மிக அச்சமூட்டும் பிட்சர்களில் ஒருவராக அவர் ஆகியிருந்தார். 1980ஆம் ஆண்டின் நடுவில் கை மரத்துப்போகிறது, சோர்கிறது என்று சொல்லத் தொடங்கினார். ஆட்டங்களின் நடுவில் வெளியேறினார். அந்த ஆண்டுதான் புகழ்பெற்ற பிட்சர் நோலன் ரயன் பெரும் சம்பளத்தில் ஆஸ்ட்ரோஸுக்கு வந்திருந்தார். ரிச்சர்டுக்குப் பொறாமை, சோம்பல், நடிப்பு என்று பேசினார்கள், எழுதினார்கள். அவர் வீசும்போது யாராலும் தொட முடியவில்லை. அப்படியிருக்க இவருக்கு என்ன வலி என்பது அவர்களுடைய வாதம். ஜூலையில் பரிசோதனை செய்ததில் வலக்கைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு தெரிந்தது. அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். ஜூலை 30 அன்று ஆஸ்ட்ரோடோமில் லேசான பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது பக்கவாதம் தாக்கிச் சரிந்தார். வயது 30. அதற்குப் பிறகு அவரும் மேஜர் லீகில் ஒரு பந்தும் வீசவில்லை. 1990களின் நடுவில் வீடும் பணமும் இழந்து, இதே ஹூஸ்டனில் ஒரு பாலத்தின் அடியில் தங்கியிருந்தார். பின்னர் மீண்டு வந்து, 2021 ஆகஸ்டில் காலமானார்.

இருவரின் நோயும் ஒன்றல்ல. யவுன்ட்டுக்கு இருந்தது முழங்கை வலி. ரிச்சர்டுக்கு உயிரையே பறித்திருக்கக்கூடிய ரத்தக்கட்டி. ஆனால் இருவரும் சொன்ன வார்த்தை ஒன்றுதான். என் கை சரியில்லை. அதைச் சொன்ன ஒருவரை நம்பினார்கள், வெளியே அழைத்தார்கள். மற்றவரை நம்பவில்லை. ஏன்? இளைஞன் வீசத் தொடங்கவே இல்லை, அதனால் அவனிடம் இழப்பதற்கு அணிக்கு எதுவும் இல்லை. ரிச்சர்ட் வீசினால் அணி வென்றது. ஒருவனுடைய உடலால் மற்றவர்களுக்குப் பயன் கூடக் கூட, அந்த உடலைப் பற்றி அவன் சொல்வதைக் கேட்கும் காதுகள் குறைகின்றன. இதை நான் விளையாட்டில் மட்டும் பார்க்கவில்லை. வேலையிடங்களிலும் வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். ரிச்சர்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருவது கோபம். ஒரு மனிதன் தன் கையைப் பற்றிச் சொல்வதை நம்புவதற்கு அவன் தரையில் விழுந்து கிடக்க வேண்டுமா?

பிட்சரின் முழங்கையைப் பற்றி 1971இல் யாருக்கும் பெரிதாகத் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். யவுன்ட் வளர்ந்த நகரத்தின் நாயகனான பிட்சர் சாண்டி கூஃபாக்ஸ், தாங்க முடியாத முழங்கை மூட்டுவலியால் 1966இல் 30 வயதில், உச்சத்தில் இருந்தபோதே ஓய்வு பெற்றார். அப்போது யவுன்ட்டுக்கு 16 வயது. முழங்கையின் கிழிந்த தசைநாருக்குப் பதிலாக மறுகையிலிருந்து ஒரு நாரை எடுத்துப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையை மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் பிட்சர் டாமி ஜானுக்குச் செய்தது 1974இல்தான். ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை வீசினார். இன்று அந்த வடு உள்ள பிட்சர்கள் ஏராளம். யவுன்ட் மேட்டில் நின்ற ஆண்டில் அந்தக் கதவு திறக்கப்படவில்லை. கை போனால் போனதுதான். அந்தக் காலத்துப் பிட்சர் ஒருவர் வலியை மதித்தார் என்றால் அது கோழைத்தனம் ஆகாது.

கை அன்று போகவில்லை

சித்தப்பா கேட்ட அடுத்த கேள்விதான் கூர்மையானது. “சரி, அப்படிப் பாதுகாத்த கை பிறகு என்ன ஆயிற்று?”

என் வாதத்துக்கு இது வசதியான பதில் அல்ல, ஆனால் உண்மை இதுதான்: கை அன்று போகவில்லை. அது வாழ்க்கையை முடித்த காயமே அல்ல. 1972 வசந்தகாலப் பயிற்சிக்கு யவுன்ட் போனார், அணியில் இடம் கிடைக்கும் தருவாய் வரை வந்தார், கடைசியில் மைனர் லீகுக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டுகளிலும் அங்கேதான் வீசினார், சோபிக்கவில்லை. வலியால் விலகியதால் வாழ்வு தொலைந்தது என்று சொல்லப்படும் கதை இதனால்தான் தவறு. வலி ஓர் ஆட்டத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. மீதி அவ்வளவையும் எடுத்துக்கொண்டது, ஆயிரக்கணக்கான இளைஞர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளும் அதே சாதாரணக் காரணம்: அந்தப் படிக்குப் போதுமான அளவு நன்றாக அவரால் தொடர்ந்து வீச முடியவில்லை. மைனர் லீகில் ஆடும் மிகப் பெரும்பாலோர் மேஜர் லீக் களத்தை மிதிப்பதே இல்லை. அவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

எதைக் கதையாக்குகிறோம் என்பதே விசித்திரம். டெக்சஸின் பிக் லேக் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜிம் மாரிஸ் 35 வயதில், 1999 செப்டம்பரில், டாம்பா பே அணியின் ரிலீஃப் பிட்சராக முதல் ஆட்டம் ஆடினார். மொத்தம் 21 ஆட்டங்கள், 15 இன்னிங்ஸ், வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை. அவர் வாழ்க்கையைத் திரைப்படமாகவே எடுத்தார்கள். அது தகும் என்பேன். 35 வயதில் அந்த வேகம் வருவது அதிசயம்தான். ஆனால் 15 இன்னிங்ஸ் ஒரு வெற்றிக்கதையாகவும் பூஜ்யம் ஒரு வேடிக்கையாகவும் ஆனது எப்படி? இருவருக்கும் மைனர் லீகில் கழிந்த ஆண்டுகள் இருந்தன, இருவரின் கையும் வலித்தது. கணக்குப் புத்தகத்தில் இடையே இருக்கும் தூரம் 15 இன்னிங்ஸ்தான்.

யவுன்ட்டை எல்லோரும் நினைவு வைத்திருப்பதற்கு இன்னொரு காரணம் அவர் தம்பி. 1971 செப்டம்பர் 15 அன்று ராபின் யவுன்ட்டுக்கு மறுநாள் 16 வயது நிறையப் போகிறது. 1974 மார்ச்சில் ஆஸ்ட்ரோஸ் லாரியை மில்வாக்கி புரூவர்ஸ் அணிக்குக் கைமாற்றியது. சில நாட்களில், ஏப்ரல் தொடக்கத்தில், 18 வயது ராபின் அதே மில்வாக்கிக்காக மேஜர் லீகில் ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளராக, இறங்கினார். அண்ணன் அதே நிறுவனத்தின் மைனர் லீக் அணிகளில் இருந்தார். அந்த இளவேனிலில் அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? ஆறாண்டுகளாக அண்ணன் ஏற முயன்ற படியில் தம்பி ஒரே தாவலில் நிற்கிறான். ராபின் அங்கே 20 சீசன் ஆடினார், வேறு அணிக்குப் போகவே இல்லை. 2,856 ஆட்டங்கள், 3,142 ஹிட்டுகள், 1982இலும் 1989இலும் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது, 1999இல் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் பேஸ்பாலின் பெருமைக்குரியோர் பட்டியலில் இடம். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து 2,857 ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஏனென்றால் அந்த அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை. பந்து வீசுவதை விட்ட பிறகு தம்பியின் ஒப்பந்தங்களுக்கான பேச்சுவார்த்தைகளை அவரே நடத்தினார். அரிசோனாவில் நில மேம்பாட்டுத் தொழிலில் இறங்கி நன்றாகவே வாழ்ந்தார். தம்பியின் நீண்ட வாழ்வு நல்ல விலைக்குப் போகும்படி பார்த்துக்கொண்டவர்களில் அந்தக் குறுகிய வாழ்வுக்காரரும் ஒருவர்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் சித்தப்பா தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. “ஒரு பந்து வீசியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது” என்றார். அது சரிதான், ஒரு பந்து வீசி, ஒருவரை அவுட்டாக்கி இறங்கியிருந்தால் அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரே ஆட்டம் ஆடிய நூற்றுக்கணக்கானோரில் ஒருவராகியிருப்பார். மாறாக, எதிரே நின்ற பேட்டர் அவுட்டாகாமல் ஹிட் எடுத்து, பிறகு ரன்னும் எடுத்திருந்தால், கொடுத்த ரன்களை வீசிய இன்னிங்ஸால் வகுக்கும் பிட்சரின் சராசரிக் கட்டத்தில் முடிவிலிக் குறி நின்றிருக்கும். அப்படிப்பட்ட பிட்சர்களும் வரலாற்றில் இருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும்விட அந்தப் பூஜ்யம் நேர்மையானது என்பது என் கட்சி. அவர் மேட்டில் நின்றார், தன் கை சொன்னதைக் கேட்டார், அதை உரக்கச் சொன்னார். ஆட்டம் 1 என்று எழுதிய அதிகாரபூர்வக் கணக்கர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். சித்தப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார், வாரந்தோறும் தொலைபேசியில் பேசுகிறோம். போன வாரம் தோள்பட்டை வலியைப் பற்றி அவராகவே பேச்சை எடுத்தார். வீசிய காலத்திலிருந்தே இருக்கும் வலியாம். இத்தனை ஆண்டுகளில் அவர் அதைப் பற்றிச் சொல்லிக் கேட்டதில்லை. மருத்துவரிடம் போவதற்கு நாள் குறித்திருக்கிறோம்.